அம்மா போன தீவு

(உப்பூர் மாணவி, இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)

எங்கள் ஊர் உப்பூர். ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகிற பஸ்ஸில் ஏறினால் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி தாண்டி வரும். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குப் பெயரே வெயிலுகந்த விநாயகர். சூரிய வெளிச்சம் தன் மேல் பட வேண்டும் என்றே உட்கார்ந்திருப்பவர். சாமிக்கே வெயில் பிடித்த ஊரில் பிறந்தவளுக்கு வெயிலைக் கண்டு என்ன பயம்? அந்தத் தைரியத்தில்தான், போன ஜனவரியில் நோட்டீஸ் போர்டில் ‘நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் தேவை’ என்று பார்த்ததும் என் பெயரைக் கொடுத்தேன்.

நண்பர்களே, உண்மையைச் சொல்லி விடுகிறேன். பறவைகள் மேல் அன்றைக்கு எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. காக்கா, கொக்கு, மைனா, உள்ளான் இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆசை எல்லாம் போட்டோ மேல்தான்! மன்னார் வளைகுடாத் தீவுகளில் நினைத்தவுடன் போய்க் கால் வைக்க முடியாது, அனுமதி வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வெள்ளை மணலும் நீலக் கடலும் பூநாரைக் கூட்டமுமாக நாலு படம் எடுத்து வந்து கிளாஸில் காட்டினால் எப்படி இருக்கும்! எங்கள் பக்கத்தில் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுக்கிற அண்ணன் ஒருவரிடம் பழைய கேனான் கேமரா ஒன்று சும்மா கிடந்தது. “சொட்டுத் தண்ணி படக் கூடாது தங்கச்சி” என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, அதையும் ஒரு நீள லென்ஸையும் கொடுத்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

“எந்தத் தீவு?”

“மனோலிம்மா. மண்டபத்துல இருந்து போட்டுல போகணும்.”

அம்மாவின் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “எங்களப் போகக் கூடாதுன்னு சொன்ன தீவுக்கு ஒன்னயக் கூட்டிட்டுப் போறாகளாக்கும்?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போல் இருந்தது.

அம்மா பிறந்தது பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில். எழுதப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாச்சியோடு தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போனவள். மரிக்கொழுந்துப் பாசி என்று ஒன்று. கடலுக்கு அடியில் பாறையோடு ஒட்டி வளரும். அதைக் காய வைத்து விற்றால், அதிலிருந்து அகர் எடுப்பார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் கிருமி வளர்க்கவும், சாப்பாட்டுப் பொருள்களைக் கெட்டியாக்கவும் பயன்படுகிற அதே அகர்தான். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று. இவ்வளவுதான் அவர்களுக்குக் கருவி. மூச்சைப் பிடித்து முங்கி, கையால் பிய்த்து எடுத்து, மேலே வந்து மூச்சு விட்டு, மறுபடியும் முங்க வேண்டும். அம்மாவின் விரல்களில் பாறை கிழித்த தழும்புகள் இன்றைக்கும் இருக்கின்றன. கல்யாணமாகி உப்பூர் வந்த பிறகுதான் பாசித் தொழிலை விட்டாள். அப்பா இங்கே அடுத்தவர் வத்தையில் மீன்பிடிக்கப் போகிறவர். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்திதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் சேர்ந்தபோது ஒரு படிவம் நிரப்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் தாயாரின் தொழில் என்ற இடத்தில் பக்கத்துப் பெண் ‘ஆசிரியை’ என்று எழுதினாள். நான் ‘ஹவுஸ் ஒய்ஃப்’ என்று எழுதினேன். அது பொய் இல்லைதான். ஆனால் யாராவது “அதுக்கு முன்னாடி என்ன பண்ணினாங்க?” என்று கேட்டால், பேச்சை மாற்றி விடுவேன்.

அம்மா சொன்ன ‘போகக் கூடாது’ என்ன என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள். 1986-இல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் மன்னார் வளைகுடாவில் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. காரணம் இல்லாமல் இல்லை. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் போய், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 என்று புத்தகத்தில் படிக்கிறோம், கண்ணுக்குத் தெரிவது அத்தனை இல்லை. சிவில் படிக்கிற நமக்கு இது உறைக்க வேண்டும். பாறையை எடுத்தால் கரை போகும்.

ஆனால் சட்டம் 1986-லேயே வந்தாலும், அம்மாச்சிக்கு அது தெரிய வந்தது பல வருஷம் கழித்துத்தான். நேற்று வரை போன இடம் இன்றைக்குக் கூடாது என்றால், கையால் பாசி பிய்த்தவளுக்கு என்ன புரியும்? அந்தப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுப்பதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீக்காலஜி விருது கிடைத்தது. அதை நான் பேப்பரில் படித்துச் சொன்னபோது, “கடலுக்குள்ள முங்குனவளுக்கா குடுத்தாக?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

சரி, கதைக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன்னால் அம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

“காலம்பற தண்ணி வத்திக் கெடக்கும்போது பறவை எல்லாம் சேத்துல பரவி மேயும். அப்ப எண்ண முடியாது. தண்ணி ஏறட்டும். நிக்க எடம் இல்லாமப் போவும்ல? மேற்க மூக்கு மாதிரி ஒரு மணத்திட்டு நீட்டிக்கிட்டு இருக்கும், அம்புட்டும் அங்கிட்டு வந்து கூடிரும். அது கூடுறதப் பாத்துத்தான் நாங்க பாசி மூட்டையவே கட்டுவோம். எங்களுக்குக் கடியாரம் அதுதான்.”

“அதெல்லாம் சார் பாத்துக்குவாருமா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அன்று இரவு மண்டபத்தில் சித்தி வீட்டில் தங்கி, விடியற்காலையில் படகுத்துறைக்குப் போனேன். நாங்கள் ஏழு பேர். பறவைகளை நன்றாக அறிந்த சார் ஒருவர், காவலர், படகோட்டி அண்ணன், மற்றபடி மாணவர்கள். எங்கள் பாக் ஜலசந்திப் பக்கம் வாடைக் காற்றில் கடல் பொங்கிக்கொண்டிருக்கும் மாதம் அது. ஆனால் மண்டபத்தின் தெற்கே மன்னார் வளைகுடா தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது! ஒரே ஊருக்கு இரண்டு பக்கம் இரண்டு கடல், இரண்டு குணம். ஆடி மாதம் வந்தால் இது அப்படியே தலைகீழாகும்.

தீவில் இறங்கும் முன்பே சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சத்தம் கூடாது. பிளாஸ்டிக் ஒன்றுகூட விட்டு வரக் கூடாது. படம் எடுக்கப் பறவையைத் துரத்தக் கூடாது. “இதுக எல்லாம் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து சாப்பிட்டு உடம்பு தேத்திக்கிட்டு இருக்கு. நீ ஒரு படத்துக்காக ஒரு தடவை கலைச்சு விட்டா, அது சேர்த்த சக்தி அவ்வளவும் வீண்” என்றார். எனக்கென்றே சொன்னது போல் இருந்தது.

இறங்கினேன். காலடியில் மணலா அது? பாதி மணல், பாதி பவளக்கல் துண்டு. நடந்தால் கலகலவென்று ஓட்டுச் சில்லு மாதிரி சத்தம். கரையில் உமரிச் செடி, உள்ளே அலையாத்தி மரங்கள். தண்ணீர் வற்றிய சேற்று வெளி கண்ணுக்கெட்டிய தூரம் மினுமினுத்தது. எங்கே பூநாரை என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை! “பூநாரை பார்க்கணும்னா தனுஷ்கோடிப் பக்கம் போகணும்மா, அங்கே 2025 ஜூன்ல அதுக்குன்னே சரணாலயம் அறிவிச்சிருக்காங்க” என்றார் சார். எனக்கு முன்னால் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தது எல்லாம் சாம்பலும் பழுப்புமாகச் சின்னச் சின்ன உருவங்கள். இதற்காகவா வந்தோம் என்று ஆகிவிட்டது.

அப்புறம் சார் தொலைநோக்கியைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் நண்பர்களே, பழுப்பு எல்லாம் பெயராக மாறிவிட்டது. கூழாங்கல்லை அலகால் புரட்டிப் புரட்டி அடியில் தேடுகிறதே, அது கல்திருப்பி உள்ளான். நீண்டு கீழே வளைந்த அலகு உள்ளது கோட்டான். கோட்டான் என்றால் ஆந்தை என்றல்லவா நினைத்திருந்தேன்! நீளமாக, நுனி லேசாக மேல்நோக்கிய அலகோடு நிற்பது பட்டைவால் மூக்கன். இந்த இனத்துப் பறவை ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவில் கிளம்பி, நடுவில் எங்குமே இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. முதுகில் கட்டிய சிறு கருவி அதைக் காட்டிக் கொடுத்தது. அந்தப் பறவைக்கு வயது 5 மாதம்! ராமநாதபுரம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்ததற்கே கால் வலிக்கிறது என்று நான் சொன்னதை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. மண்டபம் பக்கம் 1980-களிலேயே பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இந்தப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அவற்றின் போக்குவரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள்.

எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் நிறுத்தி, அதே அளவில் கட்டம் கட்டமாகக் கூட்டத்தை அளக்க வேண்டும். கூட்டம் பெரிதானால் கட்டத்தை 50, 100 என்று பெரிதாக்கலாம். ஒரு அடுக்குச் செங்கல்லை எண்ணி லோடு கணக்குப் போடுவது போலத்தான். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். சர்வே பிராக்டிகலில் இரண்டு ரீடிங் எடுத்துப் பார்க்கச் சொல்லி சார் திட்டுவாரே, அதே கதை!

போட்டோவிலும் ஒரு பாடம் கிடைத்தது. முதலில் எடுத்த இருபது படமும் அழுக்குத் துணி மாதிரி சாம்பலாக வந்தன. வெயிலோ கண்ணைப் பறிக்கிறது, மணலோ பளீரென்று இருக்கிறது, படம் ஏன் மங்கல்? கேமராவில் உள்ள மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளுமாம். வெள்ளை மணலைக் காட்டினால், ‘ஐயோ, வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்து விடும். நாம்தான் ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். கருவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது, அதன் பிழையைத் தெரிந்துகொண்டு திருத்த வேண்டும். இது லேபில் படித்தது. புரிந்தது அந்த மணலில்தான்.

பிறகு மணலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். நாம் நிமிர்ந்து நின்றால்தான் பறவைக்குப் பயம், படுத்தால் அவ்வளவு இல்லை. வயிறு சுட்டது. அரை மணி நேரம் அசையாமல் கிடந்தேன். அப்போதுதான் வந்தன, வெள்ளையும் கறுப்புமாக, கனத்த கறுப்பு அலகோடு, நீளக் கால் போட்டு 11 பறவைகள். சார் மெதுவாகக் காதருகில் சொன்னார், “கிராப் ப்ளோவர்மா. நண்டு தின்னும் உப்புக்கொத்தி. நம்ம நாட்டுல எல்லா இடத்துலயும் பார்க்க முடியாது.” இவை அரபிக் கடலோரம், செங்கடலோரம் உள்ள மணல் தீவுகளில் வளை தோண்டி ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். கரைப்பறவைகளில் இப்படி வளை தோண்டுவது வேறு எதுவும் இல்லை.

அதில் ஒன்று குஞ்சு. குஞ்சு என்றால் கைக்குள் அடங்குவது இல்லை, தாயளவு வளர்ந்த குஞ்சு. முதுகுதான் கொஞ்சம் சாம்பல். அது தாய்க்குப் பின்னாலேயே தலையைத் தாழ்த்திக் கத்திக்கொண்டே ஓடியது. தாய் ஒரு நண்டைப் பிடித்துக் கொடுத்தது. கடல் தாண்டிப் பறந்து வந்த பிறகும் தாயிடம் வாங்கித் தின்னும் பறவை! படம் எடுத்துக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வயதில் பஸ் பாஸுக்கும் நோட்டுக்கும் அம்மாவிடம் கை நீட்டுகிற நான் மட்டும் என்னவாம்?

மணி பதினொன்று தாண்டியது. தண்ணீர் ஏறத் தொடங்கியது. சேற்றில் மேய்ந்த பறவைகள் கொத்துக் கொத்தாக எழும்பிப் போயின. எண்ணிக்கை குழம்பிவிட்டது. “எங்கே போய் உட்காரும்னு தெரியலையே, கிழக்குப் பக்கம் போய்ப் பார்ப்போம்” என்றார் சார். ஏற்றத் தண்ணீர் நேரத்தில் அந்தத் தீவில் நின்று பார்த்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. என் வாய் தானாகச் சொன்னது.

“சார், மேற்க ஒரு மணத்திட்டு இருக்கும். அங்க கூடும் சார்.”

போனோம். இருந்தது! மூக்கு மாதிரி நீண்ட திட்டு. அதன் மேல் இடம் தெரியாமல் உள்ளானும் உப்புக்கொத்தியும் ஆலாவும், எல்லாம் காற்றுக்கு எதிரே முகம் வைத்து, ஊர்வலத்துக்கு நின்றது மாதிரி நின்றன. ஓரத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவைகளும் நின்றன. எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“காலையில எண்ணினதுல பாதி விட்டுப் போச்சும்மா. இது கிடைச்சதாலதான் கணக்கு சரியாச்சு. உனக்கு எப்படித் தெரியும்?”

நண்பர்களே, பதில் எவ்வளவு சுலபம் பாருங்கள். ‘எங்க அம்மா இங்க பாசி எடுத்தவங்க சார்.’ ஆறே வார்த்தை. ஆனால் என்னோடு வந்த மற்ற மாணவர்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய் வரவில்லை.

“ஒரு புக்குல படிச்சேன் சார்.”

“எந்தப் புக்?”

“ஞாபகம் இல்ல சார்.”

“பரவாயில்லை, நல்லாப் படிக்கிற பொண்ணு” என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தப் பாராட்டு வெயிலை விட அதிகமாகச் சுட்டது. கணக்கெடுத்தவர்கள் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரையும் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் வீட்டில் அம்மாவுக்குப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். நான் பெருமைப்பட்ட படங்களை எல்லாம் “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று தாண்டினாள். கறுப்பு வெள்ளைப் பறவையைப் பார்த்து, “இந்தா, நண்டு புடிக்கிறது! இன்னமும் வருதா?” என்றாள், சொந்தக்காரரை விசாரிப்பது போல. கடைசியில் ஒரு படம். கேமராவைப் பையில் வைக்கும் முன் சும்மா அழுத்தியது. பறவைகூடத் தெளிவாக இல்லை, திட்டும் கடலும் மட்டும். அதில் நிறுத்தச் சொன்னாள். வெகு நேரம் பார்த்தாள்.

“இங்கதான் ஒங்க அம்மாச்சி கஞ்சிச் சட்டிய வப்பா” என்று தழும்பு விரலால் திரையைத் தொட்டாள். படம் நகர்ந்துவிட்டது. நான் திரும்பவும் அதைக் கொண்டுவந்து வைத்தேன்.

“நான் சொன்னது சரியா இருந்துச்சா?”

“சரியா இருந்துச்சும்மா.”

“ஒங்க சார்ட்ட சொன்னியா, எங்க அம்மாதான் சொன்னுச்சுன்னு?”

“சொன்னேம்மா” என்றேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரே நாள் இடைவெளியில் இரண்டு பொய். முதல் பொய் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. இரண்டாவது பொய் என்னைத் தூங்க விடவில்லை.

நம்மில் பல பேர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். உப்பளத்திலும் வத்தையிலும் கருவக்காட்டிலும் கரிமூட்டத்திலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். நாம் படிப்பது அந்த வேலையை விட்டு வெளியே வரத்தான், சந்தேகமே இல்லை. அம்மாவும் நான் முங்க வேண்டாம் என்றுதான் படிக்க வைக்கிறாள். ஆனால் வேலையை விடும்போது, அந்த வேலையில் அவர்கள் தெரிந்து வைத்திருப்பதையும் சேர்த்துக் கீழே போட்டு விடுகிறோமே, அது சரியா? எந்தக் காற்றில் எந்தக் கடல் அடங்கும், தண்ணீர் ஏறினால் பறவை எங்கே கூடும் என்பதை எல்லாம் எந்தச் செமஸ்டரில் படிப்போம்? அந்தத் தீவைக் காக்க வேண்டும் என்றால், அதை முழுசாக அறிந்தவர்களிடம் கேட்டுத்தானே காக்க முடியும்?

எங்கள் குழுத் தலைவர் சாருக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தப் ‘புக்’ யார் என்று சொல்லிவிட்டேன். இப்போது இந்த மலரில் உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். என் அம்மா பாசி எடுத்தவர். மனோலித் தீவில் அந்த மணல் திட்டை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். மூன்றாம் வருடப் படிவத்தில் தாயாரின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

மலர் கைக்கு வந்ததும் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். ‘சொன்னேம்மா’ என்று நான் சொன்னது அன்றைக்காவது உண்மையாகட்டும்.